சத்தியம் வாங்கி வீட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள்

இலங்கை மலையகத்தின் ஆலய பரிபாலன சபையினருக்கும் குருக்கள்மாருக்கும், பங்குத்தந்தையர்களுக்கும், சபைப் போதகர்களுக்கும், பள்ளிவாசல் நிர்வாகிகளுக்கும், மௌலவிமாருக்கும்,

வணக்கம்.

மனைவியை அடிக்கிற ஆண்களைத் திருத்த வேண்டும் என்று உங்களில் சிலர் ஞாயிறு வகுப்பு நடத்துகிறீர்கள். சிலர் விரதக் குழு வைத்திருக்கிறீர்கள். சிலர் உபவாச ஜெபத்தில் அவர்களை முன்னால் அழைத்து நிறுத்தி ஜெபிக்கிறீர்கள். இன்னும் சிலர் இப்படி ஏதாவது தொடங்க யோசிக்கிறீர்கள். அந்த எண்ணத்துக்கு நன்றி. அதைக் கைவிடச் சொல்லி நாங்கள் எழுதவில்லை. இப்போது நடக்கிற முறையில் நடந்தால் அந்தப் பெண்ணுக்கு ஆபத்து கூடும் என்பதால் எழுதுகிறோம்.

தோட்டத்தில் ஒரு பெண் அடிபட்டால் பொலிசுக்குப் போவது கடைசியில்தான். லயத்தில் பக்கத்துக் காம்பரா அறைக்குப் போவாள், மாமியாரிடம் சொல்வாள், தலைவரிடம் போவாள், பிறகு உங்களிடம் வருவாள். பொலிஸ் நிலையத்துக்கு பஸ் பிடிக்க வேண்டும், அன்றைய பேர், அதாவது நாள் சம்பளம், போய்விடும், அங்கே தமிழில் எழுத ஆள் இருக்கிறாரோ தெரியாது. கணவனோ பொலிஸ் கூப்பிட்டால் ஒளிவான். ஆனால் ஐயரோ பாதரோ மௌலவியோ கூப்பிட்டால் குளித்துவிட்டு வந்து நிற்பான். வேறு யாருக்கும் இல்லாத இந்தப் பிடி உங்களுக்கு இருக்கிறது. 2019 இல் தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் நாடளாவிய ரீதியில் நடத்திய பெண்கள் நல்வாழ்வு ஆய்வில், கணவனோடு அல்லது துணைவனோடு வாழ்ந்த பெண்களில் 20.4 வீதமானோர் அவனால் உடல் வன்முறைக்கோ பாலியல் வன்முறைக்கோ வாழ்நாளில் ஒரு தடவையாவது ஆளானதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஐந்தில் ஒருவர். அடுத்த வெள்ளிக்கிழமைப் பூசையில், ஞாயிறு ஆராதனையில், பெண்கள் பக்கம் எத்தனை பேர் என்று ஒரு தடவை எண்ணிப் பாருங்கள்.

இன்று பெரும்பாலும் நடப்பது இதுதான். இருவரையும் கூப்பிட்டு ஒரே பாயில் உட்கார வைக்கிறீர்கள். பெரியவர்கள் இரண்டு பக்கமும் விசாரிக்கிறார்கள். அவன் அழுகிறான். கற்பூரத்தில் அடித்து இனிமேல் கை வைக்கமாட்டேன் என்று சத்தியம் செய்கிறான், அல்லது முழங்காலில் நின்று பாவமன்னிப்புக் கேட்கிறான். அவளிடம், "நீயும் கொஞ்சம் வாயை அடக்கிக்கொள், பிள்ளைகள் முகத்தைப் பார்" என்று சொல்லி இரண்டு பேரையும் ஒன்றாக அனுப்பிவைக்கிறீர்கள்.

அன்று இரவு நடப்பது உங்களுக்குத் தெரியாது. அவன் பக்கத்தில் இருக்கும்போது அவளால் உண்மையைச் சொல்ல முடியாது. துணிந்து சொன்னால், சொன்ன ஒவ்வொரு வார்த்தைக்கும் 10 அடிக்கு 12 அடி அறையில் கணக்குக் கேட்கப்படும். சொல்லாமல் விட்டால், "அவளே ஒன்றும் சொல்லவில்லையே" என்று நீங்கள் நம்பிவிடுவீர்கள். அடுத்த தடவை அடி விழும்போது அவள் உங்களிடம் வரமாட்டாள். சத்தியம் வாங்கிக் கொடுத்த உங்களையே பொய்யாக்குகிற மாதிரி ஆகிவிடுமே என்று தயங்குவாள். ஆகவே முதல் வேண்டுகோள்: வன்முறை நடக்கும் குடும்பத்தில் கணவன் மனைவி இருவரையும் ஒன்றாக வைத்துப் பேசாதீர்கள். ஜெபத்துக்கும் சமரசத்துக்கும் ஒன்றாக உட்கார வைக்காதீர்கள். வகுப்பு அவனுக்கு மட்டும்.

இரண்டாவது, குடி. குடிதான் அடிக்குக் காரணம், குடியை விட்டால் எல்லாம் சரியாகும் என்ற நம்பிக்கையில்தான் உங்கள் நிகழ்ச்சிகளில் பாதி நடக்கிறது. ஐயப்பனுக்கு மாலை போட்டவன் ஒரு மண்டலம், 41 நாள், சாராயத்தைத் தொடமாட்டான், கையும் ஓங்கமாட்டான். தன்னை அடக்க அவனுக்குத் தெரியும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். குடித்துவிட்டு வருகிறவன் தோட்டத் துரையையோ கணக்கப்பிள்ளையையோ அடிப்பதில்லை, சாராயக்கடைக்காரனையும் அடிப்பதில்லை. ஆள் பார்த்து, இடம் பார்த்துத்தான் அடிக்கிறான். அந்த 41 நாளில் வீட்டுக்குள் வேறு என்ன நடந்தது என்றும் கேளுங்கள். விடிய நான்கு மணிக்கு அவளை எழுப்பித் தண்ணீர் காய வைத்தானா? தீட்டு என்று சொல்லி மழையில் வெளியே இஸ்தோப்புத் திண்ணையில் படுக்க வைத்தானா? விரதச் சோறு பிந்தியதற்குத் தட்டை வீசினானா? அடி நின்றாலும் அடக்குமுறை தொடர்ந்திருக்கலாம். மாலை கழற்றிய பிறகு பழையபடி தொடங்குவதும் அதனால்தான்.

குடியைத் தனியாகக் கவனிக்கத்தான் வேண்டும், ஏனென்றால் குடி அடியின் கனத்தைக் கூட்டும். அதற்கு ஒரு எச்சரிக்கை. வருடக்கணக்கில் தினமும் கூடக் குடித்தவனை ஒரே நாளில் மந்திரித்த கயிறு கட்டியோ ஜெபித்தோ நிறுத்த வைக்காதீர்கள். கடைசிக் குடியிலிருந்து சில மணித்தியாலங்களில் கை நடுக்கமும் வியர்வையும் தொடங்கும். 48 மணித்தியாலத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சித்தம் தடுமாறி, இல்லாததைக் கண்டு கத்தலாம். உயிரும் போகலாம். இதைப் பேய் என்று நினைத்துக் கட்டிப்போட்டு ஓதிக்கொண்டிருக்கும் நேரத்தில் அவன் வைத்தியசாலையில் இருக்க வேண்டும். காலையில் எழுந்தவுடன் குடித்தால்தான் கை நடுக்கம் நிற்கும் என்கிறவனை முதலில் அரசாங்க வைத்தியசாலையின் மனநலக் கிளினிக்குக்கு அனுப்புங்கள். வகுப்பு அதற்குப் பிறகு.

இனி, வகுப்பு எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு வருகிறோம். அவனைச் சேர்ப்பதற்கு முன்பே ஒரு பெண்ணை நியமிக்க வேண்டும். அவளைத் தொடர்புப் பெண் என்று வைத்துக்கொள்வோம். ஐயரின் மனைவியாகவோ போதகரின் மனைவியாகவோ அவள் இருக்கக்கூடாது. அவனுடைய சொந்தக்காரியும் வேண்டாம், அதே லயத்தில் இருப்பவளும் வேண்டாம். பயிற்சி பெற்ற மகளிர் அமைப்புப் பெண்ணோ, பிரதேச செயலகத்தின் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தரோ, உளவளத்துணை உத்தியோகத்தரோ என்றால் நல்லது. அடிபட்ட பெண்ணைத் தனியாகச் சந்தித்து மூன்று விடயங்களை அவள் சொல்ல வேண்டும்: உன் கணவன் இந்த வகுப்புக்கு வருகிறான், வந்ததால் மட்டும் மாறுவான் என்று நாங்கள் உறுதி சொல்லமாட்டோம், நீ எங்களோடு பேசுவதும் பேசாமல் விடுவதும் உன் விருப்பம், அதனால் வகுப்பில் அவனுடைய இடம் மாறாது.

எங்கே சந்திப்பது என்பது பெரிய விடயம். லயத்தில் சுவர் ஒன்று, காது பத்து. வீட்டுக்குப் போகாதீர்கள். கிளினிக் நாள், பிள்ளைக் காம்பராவில் பிள்ளையை விடுகிற நேரம், கோயிலில் மாதர் பூசை நாள், இவைதான் அவள் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிற்கக்கூடிய இடங்கள். தொலைபேசி என்றால் அவள் சொல்லும் நேரத்துக்கு மட்டும் எடுங்கள், குறுஞ்செய்தி அனுப்பாதீர்கள். அவன் எடுத்துவிட்டால் என்ன சொல்வது என்று முன்னரே பேசி வைத்திருங்கள்: சீட்டுக் காசு, தையல் வகுப்பு, ஏதோ ஒன்று. வகுப்பு தொடங்குமுன் ஒரு தடவை, பிறகு மாதம் ஒரு தடவை, அவன் வராமல் விட்ட வாரத்தில் உடனே, முடிந்து ஆறு மாதத்துக்குப் பிறகு ஒரு தடவை. இவ்வளவு சந்திப்பு இல்லாமல் வகுப்பு நடத்தினால், அவன் வகுப்பில் சொல்வதை மட்டும் கேட்டு அவன் மாறிவிட்டான் என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். அவள் சொன்னது எதுவும் எக்காரணம் கொண்டும் வகுப்புக்குள் வரக்கூடாது. "உன் மனைவி சொன்னாளே" என்று ஒரு வார்த்தை நழுவினால் அடி அவளுக்குத்தான்.

எல்லாரையும் வகுப்பில் சேர்க்க முடியாது. தொடர்புப் பெண் அவளிடம் கேட்க வேண்டிய கேள்விகள் இருக்கின்றன. கழுத்தை நெரித்திருக்கிறானா? கவ்வாத்துக் கத்தியையோ வெட்டுக் கத்தியையோ காட்டியிருக்கிறானா? மண்ணெண்ணெய் ஊற்றுவேன் என்றானா? கர்ப்பமாக இருக்கும்போது அடித்தானா? விருப்பமில்லாமல் படுக்கைக்கு இழுக்கிறானா? நீ விட்டுப் போனால் உன்னைக் கொன்று நானும் மருந்து குடிப்பேன் என்கிறானா? அண்மையில் அவள் பிரிந்து தாய் வீட்டுக்குப் போனாளா? அடி அண்மைக் காலத்தில் கூடியிருக்கிறதா? இவற்றில் எதற்காவது ஆம் என்றால் வகுப்பைத் தள்ளிவையுங்கள். அவளுடைய பாதுகாப்பும் பொலிசும் நீதிமன்றமும்தான் முதல். அவளே "என்னைக் கொன்றுவிடுவான்" என்று சொன்னால், அதை மிகைப்படுத்தல் என்று எடுக்காதீர்கள். ஆபத்தை அளப்பதில் அவளுடைய கணிப்பைப் போல நம்பகமானது குறைவு.

கழுத்து நெரிப்பைப் பற்றி நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஆட்கள் அதை அடியாகவே எண்ணுவதில்லை. அமெரிக்காவில் 2008 இல் வெளியான ஓர் ஆய்வில், முன்பு துணைவனால் கழுத்து நெரிக்கப்பட்ட பெண் பின்னர் அவனாலேயே கொல்லப்படும் வாய்ப்பு ஏழு மடங்குக்கு மேல் என்று கண்டார்கள். வெளியே தழும்பு தெரியாமலே உள்ளே காயம் இருக்கலாம். குரல் மாறுவது, விழுங்க வலிப்பது, கண்ணில் சிவப்புப் புள்ளி, தலைசுற்றல், அந்த நேரத்தில் சிறுநீர் போய்விடுவது எல்லாம் அடையாளங்கள். அப்படியானால் அன்றே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். தோட்ட மருந்துச்சாலையில் மாத்திரை வாங்கிக்கொண்டு திரும்பிவிடக்கூடாது. அரசாங்க வைத்தியசாலைகள் பலவற்றில் நட்பு நிலையம் என்ற பிரிவு வீட்டு வன்முறைக்கென்றே இருக்கிறது. அங்கே பயிற்சி பெற்ற தாதியர் தனியாக வைத்துப் பேசுவார்கள்.

ஆபத்துக் கேள்விகளில் தேறியவனைத் தனியாக இரண்டு தடவை சந்தித்த பிறகு குழுவில் சேருங்கள். ஒரு குழுவில் எட்டுப் பேர் போதும், பன்னிரண்டுக்கு மேல் போனால் பின்வரிசையில் ஒளிந்துகொள்வார்கள். வாரம் ஒரு தடவை, இரண்டு மணித்தியாலம், குறைந்தது 26 வாரம். கலிபோர்னியாவில் நீதிமன்றம் அனுப்புகிற ஆண்களுக்குச் சட்டம் 52 வாரம் கேட்கிறது. அரை வருடம் என்றால் நீளம் என்று உங்களுக்குத் தோன்றலாம். மூன்று நாள் தியானமும் ஒரு இராப்பிரார்த்தனையும் மனதைத் தொடும், அதை நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் இருபது வருடம் பழகிய பழக்கம், சம்பள நாள், அட்வான்ஸ் நாள், கோயில் திருவிழா, பிள்ளையின் பள்ளிச் செலவு, மாமியார் வருகை என்று எத்தனையோ சூழலில் எழும்பி எழும்பி வரும். அவை எல்லாம் ஒரு தடவையாவது வந்து போகிற அளவுக்கு வகுப்பு நீள வேண்டும்.

நடத்துவது ஒரு ஆணும் ஒரு பெண்ணுமாக இரண்டு பேர். பெண்ணின் பேச்சை ஆண் எப்படி மதித்துக் கேட்கிறார், அவர் பிழையைப் பெண் எப்படித் திருத்துகிறார் என்பதைக் குழு பார்த்துக்கொண்டே இருக்கும். ஆண்கள் மட்டும் சேர்ந்தால் பத்து நிமிடத்தில் பெண்டாட்டியைப் பற்றிய பகிடி தொடங்கும், நடத்துபவரும் சிரித்தால் அன்றைய வகுப்பு அதோடு முடிந்தது. மூலஸ்தானத்துக்கு முன்னாலோ பீடத்துக்கு முன்னாலோ நடத்தாதீர்கள். அங்கே எல்லாரும் நல்லவர்களாகத்தான் பேசுவார்கள். மடத்து அறையோ பாலர் பாடசாலைக் கட்டடமோ போதும். ஞாயிறு பின்னேரம் வசதி. மூன்று நாள் காரணமில்லாமல் வராவிட்டால் பெயரை வெட்டி, அனுப்பியவருக்கும் தொடர்புப் பெண்ணுக்கும் அன்றைக்கே அறிவியுங்கள். கட்டணம் வாங்காதீர்கள், அது அவளுடைய சம்பளத்திலிருந்துதான் போகும். தேநீரும் வடையும் அவர்களுடைய மனைவிமாரைக் கொண்டு செய்விக்காதீர்கள்.

முதல் நாள் ஒரு ஒப்புதல் கடிதம். வாசிக்கத் தெரியாதவர் இருப்பார், ஆகவே சத்தமாக வாசியுங்கள். இங்கே பேசுவது வெளியே போகாது, ஆனால் யாருக்காவது உயிராபத்து என்று தெரிந்தால், பிள்ளைக்குத் துன்பம் நடப்பது தெரிந்தால், நீதிமன்றம் கேட்டால், நாங்கள் சொல்வோம் என்று அதில் இருக்க வேண்டும். கத்தோலிக்கக் குருக்களுக்கு ஒரு தனி வேண்டுகோள். ஒப்புரவு அருட்சாதனத்தில் கேட்டதை நீங்கள் யாரிடமும் சொல்ல முடியாது. அதனால் அந்த மனிதனின் பாவசங்கீர்த்தனத்தைக் கேட்கிற குருவானவர் அவனுடைய வகுப்பை நடத்தக்கூடாது, அவனைப் பற்றி நீதிமன்றத்துக்குக் கடிதமும் கொடுக்கக்கூடாது. அந்த இரண்டு வேலைக்கும் இரண்டு பேர் வேண்டும்.

வகுப்பில் என்ன செய்வது? முதலில் பேச்சைத் திருத்த வேண்டும். நம் தமிழில் அடித்தவன் மறைந்துகொள்ள இடம் நிறைய இருக்கிறது. "கை நீண்டிருச்சு." "ரெண்டு அடி விழுந்திருச்சு." "கோவம் வந்திருச்சு, என்ன நடந்ததுன்னே தெரியல." இந்த வாக்கியங்களில் ஆளே இல்லை. கை தானாக நீள்கிறது, அடி மழை மாதிரி விழுகிறது. நடத்துபவர் பொறுமையாக, ஒவ்வொரு தடவையும், "நான் என்று தொடங்கிச் சொல்லுங்கள்" என்று கேட்க வேண்டும். நான் அடித்தேன். வலது கையால் கன்னத்தில் அடித்தேன். அவள் விழுந்த பிறகு இடுப்பில் உதைத்தேன். இதைச் சொல்ல வைக்க ஐந்தாறு வாரம்கூட ஆகும். "ஆனா அவ..." என்று தொடங்கினால் நிறுத்தி, மறுபடி முதலிலிருந்து. அவமானப்படுத்தவோ திட்டவோ வேண்டாம். அவமானப்பட்டவன் அந்த ஆத்திரத்தையும் வீட்டுக்குத்தான் கொண்டுபோவான்.

பிறகு ஒரு சம்பவத்தை எடுத்து நிமிடம் நிமிடமாகப் பிரியுங்கள். அடிக்குமுன் கதவைச் சாத்தினாரா? றேடியோவைக் கூட்டினாரா? பிள்ளையை அடுத்த காம்பராவுக்கு அனுப்பினாரா? முகத்தில் அடிக்காமல் முதுகில் அடித்தாரா, மறுநாள் காலை ஆள்கணக்கெடுக்கும் பெரட்டில் தெரியக்கூடாது என்று? "என்ன நடந்தது என்றே தெரியவில்லை" என்று சொன்னவர் கதவைச் சாத்த மறக்கவில்லை. இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லும்போதுதான், தான் ஒவ்வொரு படியிலும் முடிவெடுத்ததை அவரே பார்க்கிறார். எந்தப் படியில் வெளியே போயிருக்கலாம் என்று அடையாளம் வைக்கச் சொல்லுங்கள். வெளியே போவதென்றால் முன்கூட்டியே அவளுக்குச் சொல்லி, ஒரு மணித்தியாலம், சாராயக்கடைப் பக்கம் போகாமல், திரும்பி வந்து விட்ட சண்டையைத் தொடராமல். இந்த நான்கையும் சேர்த்துச் சொல்லாவிட்டால், "ஐயாதான் வெளிய போகச் சொன்னாரு" என்று நடுராத்திரிக்கு வந்து நிற்பார்.

அடியில்லாத அடக்குமுறைக்குப் பல வாரங்களை ஒதுக்குங்கள். அமெரிக்காவின் மினசோட்டாவில் டுலூத் என்ற நகரத்தில் 1984 இல், அடிபட்ட பெண்கள் சொன்னதை வைத்து அதிகாரமும் கட்டுப்பாடும் என்ற சக்கரம் ஒன்றை வரைந்தார்கள். அச்சு அதிகாரம், ஆரங்கள் ஒவ்வொன்றும் ஒரு வழி, வெளி வளையம் அடி. அதைத் தமிழில் மொழிபெயர்த்துக் கொடுப்பதைவிட, நம் வாழ்க்கையிலிருந்து வரையச் சொல்லுங்கள். அவளுடைய சம்பளக் காட் யார் சட்டைப்பையில் இருக்கிறது? கொழுந்து நிறுத்துவிட்டு வர அரை மணித்தியாலம் பிந்தினால் யாரோடு பேசினாய் என்ற கேள்வி. தொலைபேசியைப் பிடுங்கிப் பார்ப்பது. தாய் வீட்டுத் திருவிழாவுக்கு விடாதது. நகையை அவளைக் கேளாமல் அடகு வைப்பது. பெண்பிள்ளை பெற்றதற்குக் குத்திக்காட்டுவது. "நான் போனா நீ இந்தக் காம்பராவுல இருக்க முடியாது, துரையிடம் சொல்லிடுவேன்" என்ற மிரட்டல். ஆட்கள் சுண்ணாம்புக் கட்டியால் தரையிலேயே வரைவார்கள். தங்கள் வீட்டை அதில் அடையாளம் காணும்போது சிலர் எழுந்து போவார்கள். அடுத்த வாரம் அவர்கள் வந்தால் அது நல்ல அறிகுறி.

பாலுறவைப் பற்றிப் பேசக் கூச்சப்பட்டு விட்டுவிடாதீர்கள். இலங்கைச் சட்டம் நீதிமன்றத்தால் பிரித்துவைக்கப்படாத மனைவியைக் கணவன் பலாத்காரம் செய்வதை இன்னமும் பாலியல் வல்லுறவுக் குற்றமாக ஏற்கவில்லை. சட்டம் விட்ட இடத்தில், வேண்டாம் என்று சொல்ல மனைவிக்கு உரிமை உண்டு என்று மதத்தின் பெயரால் நீங்கள் சொன்னால் அந்த ஆண்கள் கேட்பார்கள்.

மறை வாக்குகளுக்கு வருவோம். இது உங்கள் வேலை, எங்களால் முடியாதது. கல்லானாலும் கணவன் என்று சொல்லி வளர்த்தவர்களிடம், சிவன் தன் உடம்பில் பாதியைக் கொடுத்து நிற்கும் அர்த்தநாரீஸ்வர வடிவத்தைக் காட்டி, பாதி என்றால் சம்பளத்திலும் பேச்சிலும் முடிவிலும் பாதி என்று ஐயர் சொன்னால் அதற்கு எடை வேறு. எபேசியருக்கு எழுதப்பட்ட நிருபத்தின் 5 ஆம் அதிகாரத்தில் மனைவிமாருக்குச் சொன்னதை மட்டும் மனப்பாடமாக வைத்திருப்பவனை, 25 ஆம் வசனத்திலிருந்து புருஷருக்குச் சொன்னதை வாசிக்க வையுங்கள். மனைவியைக் கனம்பண்ணாதவனின் ஜெபம் தடைப்படும் என்று பேதுருவின் முதலாம் நிருபம் சொல்வதையும் காட்டுங்கள். நிஸா அத்தியாயத்தின் 34 ஆம் வசனத்தை அடிக்க அனுமதி என்று எடுத்துக்கொள்பவனுக்கு, நபிகள் நாயகம் எந்தப் பெண்ணையும் கையால் அடித்ததில்லை என்ற ஆயிஷா நாயகியின் அறிவிப்பை மௌலவி விளக்குங்கள். இதில் விவாதத்துக்கு இடம் கொடுக்காதீர்கள். வசனத்துக்கு வசனம் எடுத்து வாதாடுவதில் சிலர் கெட்டிக்காரர்கள், அந்த வாரம் முழுவதும் அதிலேயே போய்விடும். இரண்டு வாரத்தில் முடித்துவிட்டு, சம்பளக் காட் திரும்பிப் போயிற்றா என்று கேளுங்கள்.

மன்னிப்பைப் பற்றியும் ஒரு விதி வேண்டும். வகுப்புக் காலத்தில் மனைவியிடம் மன்னிப்புக் கேட்கச் சொல்லி அனுப்பாதீர்கள். கேட்டவன் பதிலுக்குக் காத்திருப்பான். பதில் வராவிட்டால், "சாமி முன்னாடியே கேட்டேன், இவளுக்கு நெஞ்சு கல்லு" என்று அதுவே அடுத்த சண்டையாகும். மன்னிக்கச் சொல்லி அவளிடமும் பேசாதீர்கள்.

பிழையாகிப் போகிற இடங்களில் பெரியது சாட்சியும் மரியாதையும். மூன்றாம் மாதத்தில் அவனை மேடையேற்றி, அடித்தேன், ஆண்டவர் மாற்றினார் என்று சொல்ல வைத்தால், அன்றிலிருந்து அவன் திருந்தியவன் என்று ஊர் முடிவுசெய்துவிடும். அதற்குப் பிறகு அவள் முறையிட்டால் சபையையே கெடுக்கிறவள் ஆகிவிடுவாள். சாட்சி வேண்டாம், சான்றிதழும் வேண்டாம். வருகைப் பதிவு மட்டும் கொடுங்கள்: இத்தனை வாரத்தில் இத்தனை வாரம் வந்தார், அவ்வளவுதான். "திருந்திவிட்டார்" என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்திட்டால் அது நீதிமன்றத்தில் அவளுக்கு எதிராக வாசிக்கப்படும். அதுபோல வகுப்பில் இருப்பவர் குறைந்தது ஒரு வருடத்துக்கு ஆலயத்தில் முன்னிலை மரியாதை எதுவும் பெறக்கூடாது. கரகம் தூக்குவது, தீமிதியில் முதலில் இறங்குவது, பரிவட்டம், சபை மூப்பர் பதவி, பாடகர் குழு, நிர்வாக சபை உறுப்புரிமை எல்லாம் இதில் அடங்கும். பெரிய உபயகாரராக இருந்தாலும், தொழிற்சங்கத் தலைவராக இருந்தாலும், உங்கள் மைத்துனராக இருந்தாலும் இதே விதி. இந்த ஒரு இடத்தில் நீங்கள் வளைந்தால் பெண்கள் ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள். அதை நாங்கள் மிகுந்த வருத்தத்தோடு எழுதுகிறோம், ஏனென்றால் இங்கேதான் பெரும்பாலும் வளைகிறது.

வகுப்பு சட்டத்துக்குப் பதிலாகாது. 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தை உங்கள் நிர்வாக சபையில் ஒருவராவது படித்திருக்க வேண்டும். அவளே நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம், அவள் சார்பில் பொலிஸ் உத்தியோகத்தரும் கேட்கலாம். அவள் தற்காலிகமாகத் தங்கியிருக்கும் இடத்து நீதிமன்றத்திலும் கேட்கலாம் என்பதால், மஸ்கெலியாவில் வாழ்க்கைப்பட்டவள் பதுளையில் தாய் வீட்டுக்குப் போயிருந்தால் அங்கேயே விண்ணப்பிக்க முடியும். நீதவான் திருப்திப்பட்டால் இடைக்காலக் கட்டளை உடனே கிடைக்கும், 14 நாளுக்குள் விசாரணை வைக்க வேண்டும். முழுக் கட்டளை 12 மாதம் வரை செல்லும். மீறினால் 10,000 ரூபா வரை தண்டப்பணம், அல்லது ஒரு வருடம் வரை சிறை, அல்லது இரண்டும். மனதைத் துன்புறுத்துவதும் இந்தச் சட்டத்துக்குள் வரும். அவன் வீட்டுக்குள் வரக்கூடாது, அவளைத் தொடர்புகொள்ளக்கூடாது, வேலைத்தலத்துக்குப் போகக்கூடாது என்றெல்லாம் கட்டளையில் போடலாம்.

தோட்டத்தில் இதில் ஒரு சிக்கல் வரும். இருவரும் ஒரே டிவிசனில் வேலை, ஒரே பெரட்டு. கட்டளை கிடைத்தவுடன் தோட்ட நிர்வாகத்தோடும் நலன்புரி உத்தியோகத்தரோடும் பேசி, அவனை வேறு மலைக்கு மாற்றச் சொல்ல யாராவது வேண்டும். நீங்கள் கேட்டால் துரை மறுப்பது கடினம். மாற்றுவது அவனை, அவளை அல்ல. அவளுக்குப் பிள்ளைக் காம்பராவும் கூட்டாளிகளும் இருக்கிற இடம் அது.

பொலிசுக்குப் போக விரும்புகிறவளைத் தடுக்காதீர்கள், "முதலில் கோயிலில் பேசிப் பார்ப்போம்" என்று சொல்லாதீர்கள். பொலிசார் "போய்க் கோயிலில் பேசித் தீர்த்துக்கொள்" என்று அனுப்பினால் ஏற்றுக்கொள்ளாமல் திருப்பி அனுப்புங்கள், முடிந்தால் கூடவே போங்கள். முறைப்பாட்டைத் தமிழில் எழுதச் சொல்லிக் கேட்க அவளுக்கு உரிமை உண்டு. விளங்காத மொழியில் எழுதியதில் கையெழுத்து வைக்க வேண்டாம் என்றும், முறைப்பாட்டு இலக்கத்தைக் குறித்துக்கொள்ளச் சொல்லியும் சொல்லிக்கொடுங்கள். காயம் இருந்தால் சட்ட வைத்திய அதிகாரியிடம் காட்ட வேண்டும். அந்த அறிக்கைதான் பின்னர் நிற்கும்.

மாறுகிறான் என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? கண்ணீரை நம்பாதீர்கள், நன்றாகப் பேசுவதையும் நம்பாதீர்கள். சில ஆண்கள் வகுப்பின் வார்த்தைகளை வேகமாகப் பழகி, வீட்டில் அவளையே "நீதான் என்னைக் கட்டுப்படுத்துற" என்று சொல்லத் தொடங்குவார்கள். சம்பளக் காட் அவள் கையில் இருக்கிறதா? அவள் கேட்காமல் தாய் வீட்டுக்குப் போய்வர முடிகிறதா? சாப்பாடு பிந்தினால் பிள்ளைகள் இன்னும் மூலையில் ஒதுங்குகிறார்களா? பிரிந்துபோக வேண்டும் என்று அவள் சொன்னபோது அவன் என்ன செய்தான்? இதற்கெல்லாம் பதில் அவளிடமும் பிள்ளைகளின் முகத்திலும்தான் இருக்கிறது. கணவன் மனைவி சேர்ந்துவிட்டார்கள் என்பதை வெற்றிக் கணக்கில் எழுதாதீர்கள். அவள் பாதுகாப்பாகப் பிரிந்து வாழ்ந்து, அவன் அவளைத் தேடிப் போகாமல் பிள்ளைக்குப் பணம் கொடுத்தால் அதையும் வெற்றியாக எழுதுங்கள்.

இந்த வகுப்புகளின் பலனைப் பற்றி உங்களிடம் உண்மையைச் சொல்ல வேண்டும். 2004 இல் 22 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்த ஆய்வாளர்கள், இத்தகைய நிகழ்ச்சிகளால் மறுபடி அடிப்பது குறைவது சிறிய அளவில்தான் என்று கண்டார்கள். கைதாகி விட்டுவிடப்பட்டவனுக்கும் வகுப்புக்கு வந்தவனுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. இதனால் சோர வேண்டாம். ஆனால் அவளிடம், "அவனை எங்களிடம் விட்டுவிடு, நாங்கள் மாற்றித் தருகிறோம்" என்று சொல்லிவிடாதீர்கள். கணவன் வகுப்பில் சேர்ந்தான் என்ற நம்பிக்கையிலேயே பிரிந்துபோன பெண் திரும்பி வருவாள். அந்த நம்பிக்கையை நாம் கொடுத்திருந்தால், அவளுக்கு நடப்பதில் நமக்கும் பங்குண்டு.

வகுப்பு தொடங்க ஆறு மாதம் ஆகட்டும், ஆள் தேடுங்கள், பயிற்சி எடுங்கள். இந்த வாரமே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. ஒரு தீப்பெட்டி அளவு துண்டுக் காகிதத்தில் மூன்று இலக்கங்களை எழுதி ஒட்டுங்கள்: பெண்களுக்கான உதவிக்கு 1938, பொலிஸ் சிறுவர் மற்றும் பெண்கள் பணியகத்துக்கு 109, அவசரத்துக்கு 119. அறிவித்தல் பலகையில் வேண்டாம், அங்கே நின்று வாசிப்பவளை எல்லாரும் பார்ப்பார்கள். பெண்கள் மலசலகூடத்தின் உட்கதவில், கண் மட்டத்தில் ஒட்டுங்கள். கிழித்துக்கொண்டு போகக்கூடிய துண்டுகளும் கீழே தொங்கட்டும், அவற்றில் இலக்கம் மட்டும், எதற்கான இலக்கம் என்று எழுதாமல். மாதம் ஒரு தடவை எத்தனை துண்டு குறைந்திருக்கிறது என்று மாதர் சங்கப் பெண் ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தோட்டங்களில் அடிபட்ட பெண்களோடும் ஆண்கள் குழுக்களோடும் வேலை செய்கிறவர்கள்